பார்த்துப் போ – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் வியாசர்பாடிப் பெண். இரண்டு வருடமாக ஃபின்லாந்தில் ஊலு என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். காலை ஏழு மணி ஷிஃப்ட். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், சைக்கிளில்தான் போகிறேன். டிசம்பரில் இங்கே பகல் என்பதே மூன்றரை மணி நேரம்தான். மைனஸ் 20இல் இமை முடியெல்லாம் வெள்ளையாக உறைந்துவிடும். அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். அம்மா அழுதுவிட்டார். மாமா, "ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் சைக்கிள்தானா? ஒரு கார் வாங்க முடியலையா?" என்கிறார். நவம்பரில் ஒருநாள் வழுக்கி விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குப் புரியாதது, மைனஸ் 20இல் ஒருநாளும் நான் விழுந்ததில்லை. அன்றைக்கு வெறும் மைனஸ் 1தான். முன்சக்கரத்துக்கு மட்டும் ஆணி வைத்த டயர் போட்டிருக்கிறேன், விலை அதிகம். சில நாள் பின்சக்கரத்து ஃப்ரீவீல் உறைந்து பெடல் சும்மா சுற்றுகிறது.

கார் வாங்கிவிடட்டுமா, இல்லை தைரியமாக சைக்கிளிலேயே தொடரட்டுமா? இன்னொன்று, இதையெல்லாம் எழுத ஆசை. ஆனால் புல்லில் இருக்கும் ஈரம், வானத்திலிருந்து கொட்டுவது, தரையில் உறைந்து கிடப்பது எல்லாமே தமிழில் பனிதானே, எப்படி எழுதுவது? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

என் மகள் வயதுதான் உனக்கும் இருக்கும். நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று காலையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பெரியவர் சைக்கிளோடு விழுந்தார். கேரியரில் காலி கேன்கள் கட்டியிருந்தார். சாலையை வெட்டி மூடிய இடத்தில் ஜல்லி சிதறிக் கிடந்தது, அதில் முன்சக்கரம் சறுக்கிவிட்டது. இரண்டு பையன்கள் ஓடிவந்து தூக்கினார்கள். நல்ல பிள்ளைகள். கேன்களைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு, "பாத்துப் போ பெருசு" என்றார்கள். அந்த ஒரு சொல் என்னோடு வீடு வரை வந்தது. வந்து பார்த்தால் உன் கடிதம்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். பனிக்குச் சொல் இல்லை என்று இனி யாரிடமும் சொல்லாதே. முன்பனி, பின்பனி என்று ஆறு பருவத்தில் இரண்டைப் பனிக்கே கொடுத்த மொழி இது. உறைபனி இருக்கிறது, பனிக்கட்டி இருக்கிறது, காசிமேட்டுக்காரன் வாயில் ஐஸ் பார் இருக்கிறது. விழுந்த இடத்தை, அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை, கை ஊன்றியபோது தரை எப்படி இருந்தது என்பதை எழுது. சொல் வரும்.

ஃப்ரீவீல் விஷயம்: உள்ளே இருக்கும் கிரீஸ் குளிரில் இறுகிவிடுகிறது, பற்களைப் பிடிக்கிற சின்ன நாக்குகள் எழும்ப முடியாமல் ஒட்டிக்கொள்கின்றன. குளிருக்கென்று இருக்கும் மெல்லிய எண்ணெய் போடச் சொல். சைக்கிளைச் சூடான வீட்டுக்குள் வைத்து, ஒட்டியிருக்கும் பனி உருகி உள்ளே இறங்கிய பிறகு வெளியே எடுத்தால் அந்தத் தண்ணீர் மறுபடி உறையும். ஒன்று வெளியிலேயே வை, இல்லையென்றால் நன்றாகக் காயவிட்டு எடு. மாமா சொல்வதை விடு.

டயர் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. முன்சக்கரம் வழுக்கினால் தப்பவே முடியாது, அதனால் முதலில் அதற்குப் போட்டாய், சரி. பின்சக்கரத்துக்கும் வேண்டாமா? தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஐஸில் போகிறவள் அதிலா காசு மிச்சம் பிடிப்பாள்? முழங்கையோடு போனது உன் நல்ல நேரம். இந்த மாதச் சம்பளத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

இனி அந்த மைனஸ் 1க்கு வருகிறேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போதுதான் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். டயருக்கும் தரைக்கும் நடுவில் எண்ணெய் தடவினதுபோல. மைனஸ் 20இல் அந்தப் படலம் வற்றிவிடுகிறது, ஐஸ் கொஞ்சம் சொரசொரப்பாகிறது, அழுந்திய பனியில் டயர் பிடிக்கிறது. ஆக, பயங்கரமான நாள் உன்னைத் தள்ளவில்லை. மிதமான நாள்தான் தள்ளியது. இதைப் படித்ததும் எனக்கு என் அப்பா விழுந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். தண்டையார்பேட்டையிலிருந்து போகவர சைக்கிள். இருபத்திரண்டு வருடம். கடல் காற்றில் இருக்கும் உப்பு செயினைத் தின்றுவிடும் என்று ஞாயிறுதோறும் திண்ணையில் சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். தேங்காய் நாரை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பார். பெடலைச் சுற்றிவிடுவது என் வேலை. "மெதுவா, மெதுவா" என்பார். சக்கரம் சுற்றும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டே எந்த பால்ஸ் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவ்வளவு பார்த்துப் போகிற மனிதர்.

கார்த்திகை அடைமழையில் முழங்கால் தண்ணீரில் போய் வந்திருக்கிறார், விழுந்ததில்லை. 1979 ஐப்பசியில், முதல் தூறலில் விழுந்தார். மாதக்கணக்கில் லாரிகள் ஒழுகவிட்ட டீசலும் ஆயிலும் தாரில் ஊறிக் கிடக்கும். முதல் தூறல் அதை மேலே கொண்டுவந்து மிதக்கவிடும். இரண்டு நாள் நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த முதல் அரைமணி நேரம்தான் எமன். தேரடிக்கு முன்னால் ஒரு வளைவில் லாரிகள் நிற்கும் இடம் அது. காறை எலும்பு முறிந்தது. அரைநாள் சம்பளம் பிடித்தார்கள், ஒன்றரை மாதம் வேலை இல்லை.

பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வாசகத்தைத்தான் சொன்னார்கள். "பாத்து ஓட்டக்கூடாதா?" அத்தை சொன்னார், மேஸ்திரி சொன்னார், கட்டுப்போட்ட வைத்தியர் சொன்னார். அம்மாகூடச் சொன்னாள். ரோட்டில் ஏன் எண்ணெய் கிடந்தது என்று ஒருவர் கேட்கவில்லை. அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் ஆமாம் என்றார். நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, அந்தக் குனிந்த தலையை என்னால் மறக்க முடியவில்லை.

நீ "தைரியமாக" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்தான் உன்னோடு எனக்குச் சண்டை. தைரியம் என்று பாராட்டுவதும், பார்த்துப் போ என்று எச்சரிப்பதும் ஒன்றுதான் மகளே. இரண்டுமே ரோட்டை விட்டுவிட்டு ஓட்டுகிறவனைப் பிடித்துக்கொள்கின்றன. நீ தினமும் போய்வருவது உன் தைரியத்தால் மட்டுமா? உன் ஊரில் முக்கியமான சைக்கிள் பாதைகளில் ஆட்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பே வண்டி வந்து பனியைத் தள்ளிவிடுகிறது. வழுக்காமல் இருக்கப் பொடி ஜல்லி தூவுகிறார்கள். பெரிய சாலைகளின் அடியில் சைக்கிளுக்கென்று சுரங்கப்பாதைகள். குளிர்காலச் சைக்கிளுக்காக 2013இல் உலகத்தைக் கூட்டி மாநாடு நடத்திய ஊர் அது. நம் ஊரில் சுரங்கப்பாதை என்றதும் உனக்கு என்ன நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் தேங்கினால் நீ எந்தப் பக்கம் சுற்றிப் பள்ளிக்கூடம் போனாய்?

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2015இல் ஒரு காரியம் செய்தார்கள். அதுவரை பனி கொட்டினால் பெரிய கார் சாலைகளை முதலில் சுத்தம் செய்வார்கள், நடைபாதை கடைசி. வழுக்கி விழுந்து அடிபடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் காரில் போகிறவர்களைவிட நடப்பவர்கள்தான் அதிகம், அவர்களிலும் பெண்கள் அதிகம். வரிசையை மாற்றினார்கள். நடைபாதை, சைக்கிள் பாதை, பஸ் நிறுத்தம் முன்னால், பெரிய சாலை பின்னால். அடுத்த வருடம் நவம்பரில் பெரும்பனி கொட்டி ஊர் ஸ்தம்பித்தபோது இந்த மாற்றத்தைத்தான் பலர் திட்டினார்கள். திட்டட்டும். விழுந்தவனிடம் "பார்த்துப் போ" என்று சொல்வதற்குப் பதிலாக, விழுகிற இடம் எது என்று ஓர் ஊர் உட்கார்ந்து யோசித்ததே, எனக்கு அது போதும்.

இங்கே பதினோராம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கிறது. நீயும் வாங்கியிருப்பாய். எத்தனை பெண்களைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைத்த சைக்கிள் அது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதை எங்கே ஓட்டுவது? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, அந்த வரிசைக்கும் ரோட்டோர மண்ணுக்கும் நடுவில் கிடைக்கும் இரண்டு அடியில்தான் ஆலைக்குப் போகிறவனும், மீன் ஏற்றி வருகிறவனும், டியூஷன் போகிற பிள்ளையும் ஓட்ட வேண்டும். சாம்பலும் மண்ணும் படிந்த இரண்டு அடி. ஜூன் 3 உலக சைக்கிள் தினம் என்று காலையில் ஊர்வலம் போகிறார்கள். அந்த இரண்டு அடியில் தினமும் போகிறவனை யாரும் சைக்கிள் ஓட்டுகிறவனாகக் கணக்கில் எடுப்பதில்லை. வண்டி வாங்க வழியில்லாதவன் என்றுதான் எடுக்கிறார்கள். உன் மாமாவும் அங்கிருந்துதான் பேசுகிறார்.

அப்பா கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. விழுந்த நான்காம் நாள், கையைத் தூளியில் கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெரு முனை ஐஸ் ஃபேக்டரிக்குப் போனார். ஐஸ் பார்களின்மேல் போடுகிற மரத்தூளில் ஒரு கோணி கேட்டார். கொடுத்தார்கள். ஒரு மீன்பாடி வண்டிக்காரர் எங்களையும் கோணியையும் ஏற்றிப் போய் அந்த வளைவில் இறக்கினார். அப்பாவால் தூக்க முடியாது. நான் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட, அவர் காலால் தேய்த்துப் பரப்பினார். ஈர மரத்தூளின் வாசமும் டீசல் வாசமும் சேர்ந்து அடித்தது. எனக்குப் பதினோரு வயது, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கமாக இருந்தது. மூன்று நாள் போனோம். ஒவ்வொரு நாளும் லாரிச் சக்கரங்கள் அதை இழுத்துக்கொண்டு போயிருந்தன. நான்காம் நாள் நல்ல மழை. நாங்கள் போகவில்லை.

உன் ஊரில் அந்த மரத்தூளைத் தூவ வண்டி வருகிறது. சைக்கிளையே வைத்துக்கொள். கார் வேண்டும் என்று உனக்கே தோன்றினால் வாங்கு, அம்மா அழுததற்காக வாங்காதே. அம்மாவிடம் விழுந்ததை மறைத்தது தப்பு. இன்றைக்கே சொல்லிவிடு. உறைந்த இமையைக் காட்டினாயே, வேறு எதைக் காட்டினாய்? இருட்டு, வெள்ளை, நடுவில் தனியாக அவர் பெண். எந்தத் தாய் அழமாட்டாள்? நாளைக்குப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பி, அந்தப் பனி தள்ளுகிற வண்டி உன் பாதையில் வரும்போது நின்று வீடியோ எடு. அதன் விளக்கு, பின்னால் விழுகிற பொடி ஜல்லி, அதில் உன் டயர் ஏறுகிற சத்தம், எல்லாம் வரட்டும். அம்மாவுக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒன்று அனுப்பு.