ஊர் மனநல சேவையை யாரைக் கேட்டு அமைப்பது? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பதினாலு வருடமாக மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். மனநல சேவையை, அதற்கு வரப்போகிறவர்களையே கூட வைத்துக்கொண்டு வடிவமைப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

முகாம் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் அக்கா? (நர்சிங் மாணவி, நெல்லிக்குப்பம்)

முகாமில் இடத்தையும் நேரத்தையும் நாமே முடிவு செய்துவிட்டு மக்களை வரச் சொல்கிறோம். இதில் முதலில் அவர்களோடு இருந்து பார்க்கிறோம். பிறகு சின்னதாக ஒன்று செய்து பார்த்து, சரிவராவிட்டால் மாற்றுகிறோம்.

தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா, மகனுக்கு மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிட்டார். ‘அக்கறை இல்லை’ என்று நோட்டில் எழுதினோம். எழுதியது நான்தான். ஒருநாள் அவரோடு போனேன். விடிவதற்கு முன் துறைமுகத்தில் ஏலம், அப்புறம் கூடையோடு தெருத்தெருவாக. கூடையை இறக்கும்போது மணி பதினொன்றரை. மீன் வாடையோடு பஸ்ஸில் ஏறக் கூச்சம், அதனால் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் கிளம்புவார். வந்து சேரும்போது ஓ.பி. சீட்டு ஜன்னல் மூடியிருக்கும். மருத்துவரிடம் பேசி, ஊர் செவிலியர் வழியாக மாலையில் மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்தோம். அதன்பின் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, ‘ஓ.பி. நேரம் ஒத்துவரவில்லை’ என்று எழுதினேன்.

மேடம், மனநலத்துக்கு ஒரு ஆப் செய்து தரட்டுமா? (மென்பொருள் பொறியாளர், புதுச்சேரி)

நல்ல மனசு. முதலில் ஒரு வாரம் ஓ.பி. வரிசையில் நின்று பாருங்கள். பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் கணவர் கையில். வீட்டுக்குத் தெரியாமல் பேச நினைக்கும் மருமகள் உங்கள் ஆப்பை எங்கே திறப்பாள்?

எங்கள் ஊரில் பூச்சிமருந்து எல்லா வீட்டிலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. பயமாக இருக்கிறது. (காட்டுமன்னார்கோயில்)

உங்கள் பயம் நியாயமானது. இதற்கு ஒரு வழியை உங்கள் தாலுகாவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் நான்கு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டில் ஊருக்குப் பொதுவான ஒரு இருப்பு அறை, அதில் விவசாயிகளுக்குப் பூட்டுப் போட்ட பெட்டிகள். மற்ற இரண்டு ஊர்களும் வழக்கம்போல. அறை வைத்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்தன. ஆய்வு 2013இல் வெளியானது.

செத்துவிடலாம் என்று தோன்றும் அந்த வேகம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். வீட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு நடை தூரமும் ஒரு பூட்டும் இருந்தால் அந்த நேரம் கடந்துவிடுகிறது. விவசாயிக்குத் தன் பொருள் பத்திரமாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கு அது வீட்டில் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பெட்டி. நான் இந்தத் துறையில் பார்த்த மிக நல்ல வடிவமைப்பு இதுதான். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள், நானும் வருகிறேன்.

மனநலத்துக்கு நல்ல ஆப் எது? (விருத்தாசலம்)

மேலே பதில் இருக்கிறது.

கோயில், தர்கா என்று அலைவதைத் தடை செய்யாமல் என்ன வடிவமைப்பு? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சிதம்பரம்)

ஐயா, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஆனால் தடை செய்ய வேண்டியது சங்கிலியை. வழிபாட்டை அல்ல.

ஆசிரியர் ஐயாவுக்கு: தர்காவில் தங்கியிருந்தபோதுதான் என் அம்மா முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினார். (பரங்கிப்பேட்டை)

தூக்கம் வந்தால் நோய் போய்விடுமா? மருத்துவம் தள்ளிப்போனதுதான் மிச்சம். (மீண்டும் சிதம்பரம்)

இரண்டு பேரும் சொல்வது உண்மை. அந்த அம்மாவை அங்கே யாரும் வரிசையில் நிறுத்தவில்லை, பைத்தியம் என்று சொல்லவில்லை. அதனால் தூக்கம் வந்தது. மருத்துவம் தள்ளிப்போனதும் நிஜம், அதில் நோய் முற்றும். அதனால்தான் ஏர்வாடி தர்காவிலேயே துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் தரும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. ஜனங்கள் ஏற்கெனவே போகிற இடத்துக்கு மருத்துவர் போகிறார். ஐயா, பரங்கிப்பேட்டைத் தம்பியிடம் அவர் அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெயர்ப் பலகையை மாற்றினால் போதுமா? (வில்லியனூர்)

போதாது, ஆனால் உதவும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார். ‘மனநல பெஞ்ச்’ என்றபோது யாரும் வரவில்லை. பெயரை மாற்றச் சொன்னதே அந்தப் பாட்டிகள்தான். ‘நட்பு பெஞ்ச்’ ஆனபின் ஜனங்கள் வந்தார்கள்.

தம்பிக்கு இப்போது சரியாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா? (பண்ருட்டி)

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இன்று இதே கேள்வி நான்காவது முறை. தனித்தனியாக எழுதவில்லை, நால்வருக்கும் இதுதான் பதில்.

ஆப்... (முதலியார்பேட்டை)

ஓ.பி. வரிசை, தம்பி. ஒரு வாரம்.

ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் யாரிடம் பேசுவது? எனக்குத்தான். (அரியாங்குப்பம்)

இப்போதே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரை எழுப்பி உட்காரச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை இத்தோடு நிறுத்திவிட்டு உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.