உருளைக்கிழங்கு அச்சு ஏன் கலங்குகிறது?

கேள்வி: தரம் 2 படிக்கும் மகள் உருளைக்கிழங்கில் அச்சுப் பதித்தால் வடிவம் கலங்கிப்போகிறது. மழை நாளில் காய்வதும் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, அட்டன்

பதில்: வெட்டிய கிழங்கில் ஊறும் நீர்தான் காரணம், அது வர்ணத்தை நீர்க்கச் செய்துவிடும். வெட்டிய முகத்தைப் பழைய பத்திரிகைத்தாளில் 10 நிமிடம் கவிழ்த்து வைத்து, துணியால் ஒற்றியெடுங்கள். போஸ்டர் கலரில் தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். கிழங்கை அதில் முக்கவும் கூடாது. நன்றாகப் பிழிந்த ஸ்பொஞ்சில் 2 தேக்கரண்டி வர்ணம் தடவிக் கொடுங்கள், பிள்ளை அதில் ஒற்றிப் பதிக்கட்டும். தாளுக்கு அடியில் நாலைந்து பத்திரிகைத்தாள் விரித்தால் முழு வடிவமும் விழும். கத்தி வேலை உங்களுடையது. செதுக்கும் ஆழம் 5 மில்லிமீற்றராவது வேண்டும். செதுக்க நேரமில்லையா? வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டுங்கள், பூ தயார்!

பனி மூடிய நாளில் தாள்களை அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். குசினிக்குள் கொடி கட்டித் தொங்கவிடுங்கள், அடுப்பிலிருந்து தள்ளி.