புதிதாகச் சேரும் இளைஞர்கள் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: கோவை கணபதியில் இருபது ஆண்டுகளாகச் சிறிய இயந்திரப் பட்டறை நடத்துகிறேன். கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரங்களில் வேலை செய்ய ஐடிஐ, டிப்ளமோ முடித்த இளைஞர்களை எடுத்தால், ஓராண்டுக்குள் விலகிவிடுகிறார்கள். விடுப்பைக்கூட வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். இவர்களுக்குத் தொழிலில் பற்று இல்லையா, நாங்கள்தான் மாற வேண்டுமா?

பதில்: பற்று இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், புதிதாகச் சேர்ந்த ஒருவர் முதல் ஆண்டில் என்ன செய்கிறார் என்பதை ஒரு வாரம் அருகில் நின்று பாருங்கள். பல சிறு பட்டறைகளில் உதிரிபாகத்தை மாட்டுவது, கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்துவது, முடிந்ததும் கழற்றி அடுத்ததை மாட்டுவது என்பதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. வெட்டும் கருவியின் அளவுத் திருத்தமான டூல் ஆஃப்செட்டை மாற்றுவதும் ப்ரோகிராமைத் திருத்துவதும், இயந்திரத்தை வேலைக்குத் தயார் செய்யும் செட்டரின் கையில் இருக்கின்றன. டூல் உடைந்துவிடும், வேலை கெட்டுவிடும் என்ற அச்சத்தில் புதியவரை அங்கே விடுவதில்லை. அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் ஓராண்டாக மாட்டிக் கழற்றியவரை, செட்டர் வேலை பழக்குகிறோம் என்று வேறொரு பட்டறை அழைத்தால் அவர் போகத்தான் செய்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன்.

முந்தைய தலைமுறை நிலைத்து நின்றதை நாம் குணமாக மட்டும் பார்க்கிறோம். அதில் ஒரு கணக்கும் இருந்தது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கே விலகும்போது நிறுவனம் தரும் அந்தத் தொகையை (கிராஜுவிட்டி) உறுதி செய்தது. வேலை மாறினால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கை மாற்றுவது பெரும் அலைச்சலாக இருந்தது. 2014இல் யுஏஎன் என்ற பொதுவான வைப்பு நிதி எண் வந்தபின் ஒரே எண் ஊழியரோடு செல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் ஓராண்டிலேயே பணிக்கொடை பெறலாம். காத்திருந்தால்தான் பலன் என்ற ஏற்பாடு இப்படித் தளர்ந்துவிட்ட பிறகு, காத்திருக்கச் சொல்லும் நிறுவனம் அதற்கு ஈடாக எதைத் தருகிறது என்று இளைஞர் கேட்பது முறையான கேள்வியே.

எனவே வேலையில் சேரும் நாளிலேயே படிநிலையை எழுதிக் கொடுங்கள். மூன்று மாதத்தில் வெர்னியர், மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவிகளையும் வரைபடத்தையும் வாசிப்பது. ஆறு மாதத்தில் செட்டர் உடனிருக்க ஆஃப்செட் மாற்றுவது. ஆண்டு முடிவில் எளிய வேலையைத் தாமே செட் செய்வது. ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு ஊதிய உயர்வு என்று தொகையையும் குறிப்பிடுங்கள். டூல் உடையும் என்ற கவலைக்கு, வேலை குறைந்த பிற்பகலில் முதலில் எதையும் மாட்டாமல் வெறுமனே ஓட்டும் ட்ரை ரன், பிறகு நைலான் கட்டையை மாட்டி, ப்ரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டும் சிங்கிள் பிளாக் என்று மெதுவாக ஓட்டிப் பழகச் செய்யலாம். செட்டருக்கும் கற்றுத்தருவதற்கென்று தனித்தொகை கொடுங்கள், ஏனெனில் தம் வித்தையைக் கொடுத்துவிட்டால் தமக்கு மதிப்புக் குறையும் என்று அவர் உள்ளூர அஞ்சுவார். பல பட்டறைகளில் தடை அங்கேதான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் விடுப்புச் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும் என்று மட்டும் வரையறுங்கள். கூடுதல் நேர வேலைக்குச் சட்டப்படி இருமடங்கு ஊதியம் என்பதால், அதையும் முன்கூட்டியே சொல்லிக் கணக்கில் காட்டுங்கள். உதிரிபாகத்தைப் பிடித்துச் சுழலும் சக் அருகே கைபேசி கூடாது என்பதில் மட்டும் இம்மியும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது தலைமுறைச் சிக்கல் அன்று, விரல் போகும் சிக்கல்.

கேள்வி: எனக்கு 51 வயது. அலுவலகத்தில் கணக்குப் பிரிவை மேற்பார்வையிடுகிறேன். புதிய மென்பொருளை 24 வயதுப் பெண்ணிடம் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

பதில்: 1999இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், இணையத்தைப் பழகுவதற்காக உயர் அதிகாரிகள் பல நூறு பேரை இளம் ஊழியர்களிடம் மாணவர்களாகச் சேரச் செய்தார், தாமும் சேர்ந்தார். வாரத்தில் ஒரு மணி நேரத்தை அந்தப் பெண்ணின் வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்கித் தாருங்கள். அவருடைய உணவு இடைவேளையை எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிலுக்கு, ஆண்டு இறுதித் தணிக்கையில் எந்தப் பதிவைக் கேட்பார்கள், எந்த வாடிக்கையாளரின் பாக்கி ஏன் இழுக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தவற்றைச் சொல்லிக் கொடுங்கள். அவை எந்த மென்பொருளிலும் ஏறியிருக்காது.