நுகர்வோர் கேள்வி-பதில்: “விலைக்கு இன்பாக்ஸ் வாங்க!”

கடை இல்லாமல், ஆள் மூலம் பொருளை விற்கும் நேரடி விற்பனை பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டதால் இந்த வாரம் அது மட்டும்தான். குக்கர், இன்வெர்ட்டர் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அழகுசாதனக் கம்பெனி ஒன்றில் பியூட்டி கன்சல்டன்ட்டாக இருக்கிறேன். முகநூலில் படமும் தள்ளுபடி விலையும் போட்டு விளம்பரம் செய்தேன். மூன்றே நாளில் “நீக்காவிட்டால் உங்கள் ஐடி (விற்பனையாளர் எண்) முடக்கப்படும்” என்று கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்க எனக்கு உரிமை இல்லையா? – வாசகி, திருப்பூர்

பொருள் உங்களுடையதுதான் அம்மா. ஆனால் அதை எப்படி விற்பேன் என்று கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சேரும்போது செல்போனில் ‘சம்மதம்’ என்ற கட்டத்தைத் தொட்டீர்களே, அதுதான் ஒப்பந்தம். உங்களைக் கட்டிப்போடுவது அது.

இணையத்தில் விற்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், மின்வணிகத் தளத்தில் விற்றால் அதற்கான விதிகளையும் பின்பற்ற வேண்டும் என்கின்றன, அவ்வளவுதான். முன்னதாக 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், இப்படித் தளங்களில் விற்கக் கம்பெனியின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆம்வே, ஓரிஃப்ளேம், மோடிகேர் ஆகியவை அமேசான் முதலிய தளங்களை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2019 ஜூலையில் தனி நீதிபதி அவர்களுக்குச் சாதகமாகத் தடை விதித்தார். 2020 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. அந்த நெறிகள் ஆலோசனைதான், சட்டம் ஆகாது என்றது.

ஆக, கம்பெனியோடு ஒப்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் அதே கிரீமைத் தளத்தில் தள்ளுபடியில் விற்கிறார். ஒப்பந்தம் போட்ட நீங்கள் உங்கள் பக்கத்தில் விலை எழுத முடியாது. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனாலும் இப்போதைக்குப் பதிவை எடுத்துவிடுங்கள். கம்பெனி தந்த படத்தை விலை இல்லாமல் போடலாமா, தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். அப்லைன், அதாவது உங்களைச் சேர்த்துவிட்ட மேல்நிலை விற்பனையாளர், வாய்மொழியாகச் சொல்வதை நம்பி எதையும் செய்யாதீர்கள். நீங்களே எழுதி, நீங்களே டிசைன் செய்த நோட்டீஸை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். கம்பெனி ஒப்புதல் இல்லாத பிரசுரத்தை வாடிக்கையாளருக்குக் கொடுப்பது 2021 விதிகளின்படியே தவறு.

இன்ஸ்டாகிராமில் இந்தக் கன்சல்டன்ட்டுகள் ஏன் விலையைப் போடாமல் “இன்பாக்ஸ் வாங்க” என்கிறார்கள்? ஆளுக்கு ஒரு விலை சொல்லவா? – வாசகர், நாகர்கோவில்

சிலர் அதற்காகவும். பலர் மேலே சொன்ன தடைக்குப் பயந்து. எப்படியானாலும் டப்பாவில் அச்சடித்த எம்ஆர்பி தெரிகிற படத்தைக் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

நேரடி விற்பனைக் கம்பெனியின் புரோட்டீன் பவுடர், ஆன்லைனில் ரொம்பக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. டப்பாவில் குறியீட்டு எண் இருக்க வேண்டிய இடம் சுரண்டப்பட்டிருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்தால் “எங்கள் வழியாக வாங்கவில்லை” என்கிறார்கள். பாதி டப்பா சாப்பிட்டாயிற்று. என்ன செய்வது? – வாசகர், காரைக்குடி

மீதிப் பாதியைச் சாப்பிடாமல் இருப்பது.

சுரண்டியிருப்பதைப் பார்த்த பிறகும் பாதி டப்பா எப்படி சார் இறங்கியது? அந்த எண், டப்பா எந்தக் கன்சல்டன்ட்டிடமிருந்து கிளம்பியது என்று காட்டிக்கொடுக்கும். அதனால்தான் அழிக்கிறார்கள். மேலே சொன்ன தில்லி வழக்கிலும் எண்கள் அழிக்கப்பட்டது பற்றிப் பேச்சு வந்தது. உள்ளே இருப்பது அசலாகவே இருக்கலாம். ஆனால் எந்தக் கிடங்கில், எந்த வெயிலில் எத்தனை மாதம் கிடந்தது என்று யார் சொல்வது?

பில்லில் விற்றவர் பெயரும் முகவரியும் இருக்கும். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் படத்தோடு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அடுத்த முறை டப்பாவைத் திறக்கும் முன் எழுதுங்கள்.

உறவுக்காரப் பெண் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், தான் விற்கும் ஜூஸைக் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று தினமும் போடுகிறாள். அதை நம்பி என் அம்மா (72) மாத்திரையை நிறுத்திவிட்டார். சர்க்கரை 400-ஐத் தொட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா இன்னமும் அவளைத் திட்டக் கூடாது என்கிறார். – வாசகி, சேலம்

அம்மா இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். அவரைக் குறை சொல்லாதீர்கள். ஐம்பது வருஷப் பழக்கம் உள்ள குடும்பத்துப் பெண் சொன்னால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். இந்த வியாபாரமே அந்த நம்பிக்கையை முதலாகப் போட்டு நடப்பதுதான்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்து மருந்துகள், மாய சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. 2021 விதிகளும், கம்பெனி அனுமதித்த வாசகத்தைத் தாண்டி விற்பனையாளர் எதையும் சொல்லக் கூடாது என்கின்றன. அதைவிட முக்கியமாக, தன் விற்பனையாளர்கள் விற்றதால் வரும் புகார்களுக்குக் கம்பெனியே பொறுப்பு என்கின்றன. “அவர் எங்கள் ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவர்” என்று கம்பெனி சொல்லும். அதைக் காதில் வாங்காதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். தேதி, நேரம், அவள் எண் மூன்றும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஜூஸ் பாட்டில், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினால் 48 வேலை மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், பொதுவாக ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கிறதென்றால், புகாரைக் கம்பெனி மீது கொடுங்கள். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள்.

தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினை விற்க வந்தவர், எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு கரன்ட் கொடுத்தார். தண்ணீர் செம்பழுப்பாகிக் கசடு மிதந்தது. அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பயந்துபோய் 38,000 ரூபாய் கொடுத்தோம். நாலு பேரைச் சேர்த்துவிட்டால் பணம் திரும்பி வரும் என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. – வாசகர், விருதுநகர்

நீங்கள் பார்த்தது உங்கள் தண்ணீரின் அழுக்கு இல்லை, கம்பியின் இரும்பு. குழாய்த் தண்ணீரில் உப்பு கரைந்திருப்பதால் மின்சாரம் பாய்கிறது, இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கிறது. அவர் காட்டிய ஆர்ஓ மெஷின் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் செம்பழுப்பாகும். அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் எனக்கும் இந்த வித்தையைக் காட்டித்தான் ஒரு மெஷினை விற்றார். அது இப்போது பரணில் இருக்கிறது.

“ஆள் சேர்த்தால் விலையைத் திரும்ப எடுத்துவிடலாம்” என்று ஆசை காட்டி வாங்க வைப்பதை 2021 விதிகள் நேரடியாகவே தடை செய்கின்றன. ஆர்டர் படிவத்தில் ரத்து செய்யும் உரிமை, திருப்பித் தரும் விதம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். படிவமே தரவில்லையென்றால் அதுவும் ஒரு குற்றச்சாட்டு. முதலில் கம்பெனிக்கு, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. போனை எடுக்காதவரைத் தேடி அலைந்து அதைக் கழித்துவிடாதீர்கள்.

சேர்வதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் ‘டெமோ கிட்’ 4,500 ரூபாய்க்குக் கட்டாயம் வாங்க வேண்டும் என்கிறார்கள். சரியா? – வாசகி, தஞ்சாவூர்

தவறு. கொடுக்காதீர்கள்.

என் மனைவி ஒரு நேரடி விற்பனைக் கம்பெனியில் இருக்கிறாள். கட்டிலுக்கு அடியில், பீரோ மேல், பூஜை அறையில் என்று அறுபதாயிரம் ரூபாய்ச் சரக்கு. ஓஎல்எக்ஸில் போட்டுப் போன விலைக்குத் தள்ளிவிடலாம் என்றால், ஆன்லைனில் விற்றால் ஐடி போய்விடும் என்று அழுகிறாள். – வாசகர், மதுரை

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

மாதக் கடைசி இரண்டு நாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அப்லைனிடமிருந்து போன் வரும். “இன்னும் நாற்பது பாயின்ட்தான் அக்கா, போட்டுட்டா லெவல் நிக்கும்.” வாங்க ஆள் இல்லை. அக்கா தன் காசையோ கிரெடிட் கார்டையோ போட்டுத் தானே வாங்கிவிடுகிறார். கம்பெனிக் கணக்கில் அது விற்பனை. அப்லைனுக்குக் கமிஷன். பொருள் மட்டும் கட்டிலுக்கு அடியில். ஆறு மாதம் கழித்து எக்ஸ்பைரி தேதி நெருங்கும்போது, யாரோ ஒரு மொத்த வியாபாரி பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போய், எண்ணைச் சுரண்டி, தளத்தில் ஏற்றுகிறார். காரைக்குடி சார் சாப்பிட்ட டப்பா இப்படி வந்ததாகக்கூட இருக்கலாம்.

உடனே கம்பெனி ஆன்லைன் விற்பனையால் தன் பெயர் கெடுகிறது என்று புலம்பும். கன்சல்டன்ட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும். ஆனால் வாங்க ஆள் இல்லாத சரக்கை அவள் தலையில் கட்டிய மாதாந்தர இலக்கைத் தொடாது. ஆன்லைன் தடையில் நியாயம் கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேலத்து ஜூஸ் மாதிரிப் பொய்களைக் கட்டுப்படுத்த அது உதவும். ஆனால் முதலில் காக்கப்படுவது விலைதான். டப்பர்வேர் 1951-ல் கடைகளிலிருந்து தன் டப்பாக்களை எடுத்து, வீட்டு பார்ட்டிகளில் மட்டுமே விற்கத் தொடங்கியது. 2022-ல் அமெரிக்காவில் டார்கெட் கடைகளில் அதுவே கொண்டுபோய் வைத்தது. 2024-ல் திவால் மனுவும் போட்டது. தனக்குத் தேவை என்றால் கம்பெனி எந்தக் கடைக்கும் போகும். விற்பவளுக்குத்தான் வேலி.

இனி செய்ய வேண்டியது. மனைவியைத் திட்டாதீர்கள், அவர் ஏமாற்றப்பட்டவர். ஒப்பந்தத்தை எடுத்து, சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் விதியைத் தேடுங்கள். பிரிக்காத, தேதி முடியாத, இன்னும் விற்பனையில் உள்ள பொருள்களைத் தனியே எடுத்துப் பட்டியல் போட்டு, பில் நகலோடு கம்பெனிக்கு நேரடியாக மெயில் அனுப்புங்கள். அப்லைன் வழியாக வேண்டாம், அவர் வாங்கிய கமிஷன் திரும்பப் போகும் என்பதால் இழுத்தடிப்பார். இந்த மாதக் கடைசியில் போன் வந்தால் நீங்கள் எடுங்கள். ஐடி போனால் போகட்டும் சார், அந்த ஐடி இதுவரை சம்பாதித்தது அறுபதாயிரத்துக்கு மேலே இருக்கிறதா என்று ஒரு நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கேட்டலாகோடு வந்து நிற்கும் விற்பனையாளரிடம் அடையாள அட்டை கேட்கலாமா? வருவது என் பெரியம்மா மகள். – வாசகர், திருச்சி

தாராளமாகக் கேட்கலாம். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டும் அதில் இல்லை.