ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளை அறிவியல் மாநாட்டுக் குழுவில் சேர்க்கலாமா, படிப்பு கெடாதா?

சேருங்கள். படிப்பு கொஞ்சம் கெடும்தான், எனக்கு அந்தக் காலாண்டில் கணக்கில் 41. நீங்கள் கேட்பது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பற்றி என்று நினைத்துச் சொல்கிறேன். 1993-லிருந்து நடக்கிறது. பிள்ளைகள் தங்கள் ஏரியாவில் இருக்கிற ஒரு பிரச்சினையை எடுத்து, சில மாதம் ஆராய்ந்து, மாவட்டம், மாநிலம் என்று மேலே போவார்கள். கண்காட்சியில் தெர்மோகோல் எரிமலை வைக்கிற கதை இல்லை இது.

நான் கலந்துகொண்டது 1999-இல், வடசென்னைத் தண்டையார்பேட்டையில். அப்போது குழுவுக்கு ஐந்து பேர், இப்போது இரண்டு பேர்தான். எங்கள் தெருக்களின் அடிபம்புத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது எங்கள் வேலை. காலி சோடா பாட்டிலோடு போய் நின்றால், குடத்தோடு வரிசையில் இருந்த ஒரு அக்கா, "தண்ணி உப்புன்னு கண்டுபுடிக்க அஞ்சு பேரு வேணுமா? நாக்குல வெச்சா தெரியாது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எத்தனை மடங்கு உப்பு, கடலை விட்டுத் தள்ளிப் போகப் போக எவ்வளவு குறைகிறது என்பதை நாக்கு சொல்லாதே. உப்பை அளப்பது அதில் இருக்கும் குளோரைடை வைத்துத்தான். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1000 வரை. கடலோரத்து பம்பு ஒன்றில் எங்களுக்கு வந்தது 1100 சொச்சம்.

மாலை நாலரைக்கு மேல் பிளஸ் டூ லேபில் டைட்ரேஷன், அதாவது எத்தனை சொட்டு மருந்தில் நிறம் மாறுகிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடுவது. பொட்டாசியம் குரோமேட் கலந்ததால் மஞ்சளாக இருக்கும் தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வர, ஒரு சொட்டில் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். அந்த ஒரு சொட்டுக்காகக் கண் கொட்டாமல் நிற்கணும். கையில் பட்டால் வெயிலில் கறுத்துப்போகும், சோப்புக்கெல்லாம் போகாது. வாரக்கணக்கில் என் விரல்கள் கறுப்பாகவே இருந்தன, அம்மா ஏதோ சரும வியாதி என்று பயந்தார்.

மாவட்டத்தில் தேர்வானோம். மாநிலத்துக்குக் குழுத் தலைவர் மட்டும்தான் போக முடியும். யார் தலைவர் என்று முதல் நாளே "இவன் நல்லா பேசுவான்" என்று சார் முடிவு பண்ணியிருந்தார். எனக்கு அப்போது திக்குவாய். மேடையில் நின்றவனின் விரலில் ஒரு கறை கிடையாது. பொறாமை என்று எழுத வருபவர்கள் வரட்டும், அவன் இன்றைக்கும் என் நண்பன்தான், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான். அளவுகளைக் குறித்துவைத்த லாக் புக் முழுக்க என் கையெழுத்து, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இதில் கற்றது வீணாகவும் இல்லை. போன மாதம் வாட்டர் ஃபில்டர் விற்க ஒருவர் வந்து, எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்துப் பழுப்பாக்கிக் காட்டி, "பாருங்க சார், அழுக்கு" என்றார். அது அழுக்கு இல்லை, அவர் கொண்டுவந்த இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. ஃபில்டர் தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் அதிகம் பாயாது, அதனால் நிறம் மாறாது. படித்தவர்கள் இருக்கிற எங்கள் பிளாட்டிலேயே மூன்று வீட்டில் இதைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டார்கள். செயலாளரிடம் சொன்னால், "உங்களுக்கு எதுக்கு சார் வம்பு" என்கிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். யார் தலைவர் என்பதை முதல் நாளே ஆசிரியரிடம் கேளுங்கள், சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை. மகள்தான் தலைவர் என்றால், கூட இருக்கிற பிள்ளையும் பியூரெட்டை (டைட்ரேஷனில் சொட்டு விடுகிற கண்ணாடிக் குழாய்) தொடட்டும், பள்ளியில் நாலு பேர் முன்னால் ஒரு தடவையாவது பேசட்டும். அப்புறம் லாக் புக்கை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். எங்களுடையது பள்ளிப் பீரோவோடு போய்விட்டது, இரண்டு தடவை போய்க் கேட்டுப் பார்த்துவிட்டேன்.