நடுநிலைப் பள்ளி வகுப்பறையை எப்படி அமைப்பது? கேள்வி பதில்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கான வகுப்பறைகளை வடிவமைப்பதுதான் என் வேலை. தலைமை ஆசிரியர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், ஒரு மாணவி எனப் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வகுப்பறையைப் புதுப்பிக்க நிதி கிடைத்திருக்கிறது மேடம். ஸ்மார்ட் போர்டு வாங்கிவிடலாமா?

அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார். முதலில் காதைக் கவனியுங்கள். அறை காலியாக இருக்கும்போது நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்காமல் இழுத்துக்கொண்டே போனால், உங்கள் பணம் போக வேண்டிய இடம் கூரைதான்.

வெறும் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்த அறையில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் விழும். முன்வரிசைப் பிள்ளைக்கு இது அவ்வளவாகத் தெரியாது. கடைசி வரிசைக்குப் போகும்போது மெய்யெழுத்துகள் கரைந்துவிடும். ‘பத்து’ என்றாரா, ‘பட்டு’ என்றாரா என்று ஊகிப்பதிலேயே பிள்ளையின் கவனம் பாதி போய்விடும். இது வெளியே தெரியாத இழப்பு. அந்தப் பிள்ளைக்குக் ‘கவனம் இல்லாதவன்’ என்று பெயர் கிடைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

அமெரிக்காவில் 2002இல் வந்த வகுப்பறை ஒலியியல் தரநிலை, சாதாரண அளவுள்ள அறையில் எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும், ஆளில்லாதபோது பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. இதை எட்டும் வழி பழையதுதான். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை என்ற சிக்கலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் ஒப்படைத்தார்கள். வேறொரு அரங்கத்து இருக்கை மெத்தைகளை அள்ளிக்கொண்டுவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அவர் அளந்தார். கட்டட ஒலியியலே அங்கேதான் பிறந்தது. நீங்களும் அதையே செய்யலாம்: கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகைகள், பின்சுவர் முழுக்கத் துணி போர்த்திய அறிவிப்புப் பலகை, நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் வட்டுகள். அப்புறம் மறுபடியும் கைதட்டிப் பாருங்கள்.

மேசைகளை வரிசையாகப் போடுவதா, குழுவாகப் போடுவதா?

வேலையைப் பொறுத்தது டீச்சர். தனியாக எழுதவும் கணக்குப் போடவும் வரிசைதான் நல்லது. சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய வேலைக்கு முகம் பார்த்து உட்கார வேண்டும். குழு வடிவம்தான் நவீனம் என்று எல்லா நேரமும் அப்படியே விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பரீட்சை எழுதும்போதும் நண்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே ஒருவரே நகர்த்தக்கூடிய மேசைகளை வாங்குங்கள். சரிவக வடிவ மேசைகள் வரிசைக்கும் ஒத்துவரும், சேர்த்துப் போட்டால் வட்டமாகவும் கூடும். தரையில் இரண்டு நிறத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்: மஞ்சள் குறி வரிசைக்கு, நீலக் குறி குழுவுக்கு. ‘நீலம்’ என்று சொன்னதும் ஒவ்வொருவரும் தன் மேசையின் முன்கால்கள் இரண்டையும் நீலக் குறியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் இடியும் சத்தமுமாக இருக்கும். பழகிவிட்டால் இரண்டு நிமிட வேலை. இடம் மாற்றுவது பாட நேரத்தைத் தின்றால் எந்த ஆசிரியரும் இரண்டாம் முறை செய்ய மாட்டார்.

என் மகளுக்கு வகுப்பில் உட்கார்ந்தாலே முதுகு வலிக்கிறதாம். பெஞ்ச் காரணமாக இருக்குமா?

இருக்கலாம் அம்மா. வலி தொடர்ந்தால் மருத்துவரையும் பாருங்கள். இந்த வயதில் ஒரே வகுப்பில் 135 சென்டிமீட்டர் பிள்ளையும் இருக்கும், 170 சென்டிமீட்டர் பிள்ளையும் இருக்கும். எல்லோருக்கும் ஒரே பெஞ்ச் என்றால் ஒருத்தி கால் தொங்கும், இன்னொருத்தி கூன் போடுவாள். ஐரோப்பியத் தரநிலைப்படி, 133 முதல் 159 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்களுக்கு இருக்கை 38, மேசை 64 சென்டிமீட்டர் உயரம். அதற்கு அடுத்த அளவில் இருக்கை 43, மேசை 71. ஒரு வகுப்பில் குறைந்தது இந்த இரண்டு அளவுகளும் வேண்டும். பாதம் முழுவதும் தரையில் பதிகிறதா, முழங்கை மேசை மட்டத்துக்கு வருகிறதா என்று பார்த்தால் போதும்.

அக்கா, நான் ஏழாவது படிக்கிறேன். மதியத்துக்கு மேல எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தூக்கம் தூக்கமா வருது. ஏன்?

நல்ல கேள்விம்மா. பாதிக் காரணம் உடம்பு. மதியம் எல்லோருக்குமே கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். மீதிக்குக் காற்றைச் சந்தேகப்படு. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கிறது. ஜன்னலெல்லாம் மூடி, நிறையப் பேர் மூச்சுவிடும் அறையில் அது ஒரு பாடவேளை முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். மின்விசிறி அதே காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. எதிரெதிர் ஜன்னல்களையோ, ஜன்னலையும் கதவையுமோ சேர்த்துத் திறந்தால்தான் புதுக்காற்று உள்ளே வரும். கரியமில வாயு அளக்கும் சின்னக் கருவி ஒன்று கேட்டு வாங்கி, உங்கள் வகுப்பிலேயே குறித்து வையுங்கள். அந்த அட்டவணையோடு போய் ஆசிரியரிடம் பேசு.

சுவர் நிறைய சார்ட் ஒட்டலாமா?

பின்சுவரில் தாராளமாக ஒட்டுங்கள். போர்டு இருக்கும் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னக் குழந்தைகளிடம் சோதித்தபோது, படங்கள் நிறைந்த அறையில் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. பெரிய பிள்ளைகளுக்கு அதே அளவு பாதிப்பு இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாடம் நடக்கும் சுவர் அமைதியாக இருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. பின்சுவரில் எது இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். கடையில் வாங்கிய சார்ட்டைவிட அவர்கள் திருத்தித் திருத்தி எழுதிய கட்டுரை அங்கே இருப்பது மேல்.

போர்டில் கண் கூசுகிறது என்கிறார்கள்.

ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் போர்டு இருக்கிறதா பாருங்கள். ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு போர்டை மாற்றுங்கள். முடியாவிட்டால் திரைச்சீலை.

சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் சேரப்போகிறார். என்னென்ன மாற்ற வேண்டும்?

கதவைத் திறந்தால் குறைந்தது 82 சென்டிமீட்டர் வழி, திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் வட்டம். இவை இல்லாமல் மற்றது எதுவும் பயன்படாது. அதோடு நின்றுவிடாதீர்கள். கதவோரத்தில் அவருக்கென்று ஒரே ஒரு இடம் ஒதுக்குவதைப் பல இடங்களில் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை. குழு மாறும்போது அவரும் மாற வேண்டும். புத்தக அலமாரியும் போர்டும் அவர் கைக்கு எட்ட வேண்டும். மேசைகளுக்கு இடையே வழிவிட்டால் எல்லோருக்குமே நடமாட வசதிதான்.

இவ்வளவும் செய்த பிறகு பணம் மிஞ்சினால், ஸ்மார்ட் போர்டு வாங்கலாம்தானே?

தாராளமாக. கடைசி வரிசை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து ஆறால் வகுங்கள். திரையின் உயரம் குறைந்தது அவ்வளவு வேண்டும். எட்டு மீட்டர் என்றால் சுமார் 1.3 மீட்டர். அதைவிடச் சின்னதாக வாங்கினால் பின்னால் இருப்பவர்களுக்கு எழுத்து தெரியாது. பக்கத்திலேயே எழுதுவதற்குச் சாதாரணப் போர்டும் இருக்கட்டும், மின்சாரம் போனாலும் பாடம் நடக்கும். பிளக் பாயிண்டுகளைச் சுவரோரம் நாலு பக்கமும் வையுங்கள். தரையில் வயர் ஓடினால் மேசையை நகர்த்த முடியாது.