துணிச்சலை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: நார்வே பனிச்சறுக்கு வீரர் அக்ஸெல் லுண்ட் ஸ்விண்டால் 2007-இல் பயிற்சி ஓட்டத்தில் விழுந்து, முகம் உடைந்து, உடல் கிழிந்து படுத்த படுக்கையானார். மறுவருடமே அதே சரிவில் வந்து ஜெயித்தார். 35 வயதில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். இத்தனை துணிச்சல் ஒரு மனிதருக்கு எங்கிருந்து வருகிறது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பாதி, ஸ்கீ என்ற சறுக்குப் பலகையின் எஃகு விளிம்பைக் கூராக்கும் அரத்திலிருந்து வருகிறது. மறுபாதி, பந்தயத்துக்கு முன் சரிவை அங்குலம் அங்குலமாகப் பார்த்து மனப்பாடம் செய்யும் அந்த ஒரு மணி நேரத்திலிருந்து வருகிறது.

நீங்கள் சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. 'துணிச்சல்' மட்டும்தான் இடிக்கிறது. நம் விளையாட்டுப் பக்கங்களில் பனிச்சறுக்கு எப்போதாவது எட்டிப் பார்த்தால், இந்த ஒரு சொல்லைப் போட்டு, விழும் படம் ஒன்றையும் போட்டு, கதையை முடித்துவிடுகிறார்கள். இதைப் பற்றி இந்தப் பகுதியில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அவர்கள் மாறும்வரை இன்னும் போடுவேன். டவுன்ஹில் என்ற அதிவேகச் சரிவுப் பந்தயத்தின் தொடக்கக் கதவில் வந்து நிற்கிற ஒவ்வொருவரும் துணிந்தவர்தான். கடைசி இடத்தில் வருகிறவருக்கும் அதே சரிவு, அதே பனிக்கட்டி, அதே தாவல்கள். எல்லோரிடமும் இருக்கிற ஒன்றை வைத்து, ஒருவர் மட்டும் 36 உலகக் கோப்பைப் பந்தயங்களை (பருவம் முழுக்க நடக்கும் தொடர் அது) வென்றதை எப்படி விளக்குவது?

அந்த 36-ஐப் பிரித்துப் பாருங்கள். சூப்பர்-ஜி 17, டவுன்ஹில் 14, ஜயன்ட் ஸ்லாலம் 4, கம்பைண்ட் 1. சூப்பர்-ஜி என்பது டவுன்ஹில்லைவிட வளைவு கூடிய, வேகம் சற்றுக் குறைந்த பந்தயம்; ஜயன்ட் ஸ்லாலத்தில் வளைவுகள் இன்னும் நெருக்கம்; கம்பைண்ட் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதிவேகப் பந்தயம் என்றால் டவுன்ஹில்தான். 2013-இல் ஸ்விட்சர்லாந்தின் வெங்கெனில் பிரான்ஸின் ஜோஹான் கிளாரே மணிக்கு 161.9 கி.மீ. வேகத்தைத் தொட்டது டவுன்ஹில்லில். துணிச்சல்தான் ஸ்விண்டாலின் மூலதனம் என்றால் அவர் அதிகம் வென்றது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதிகம் வென்றதும், ஐந்து முறை பருவக் கோப்பையைத் தூக்கியதும் சூப்பர்-ஜியில்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? டவுன்ஹில்லில் பந்தயத்துக்கு முன் பயிற்சி ஓட்டங்கள் உண்டு. முதல் நாள் ஒரு வளைவில் தாமதமாகத் திரும்பினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். சூப்பர்-ஜியில் பயிற்சி ஓட்டமே கிடையாது. காலையில் வாயில்களை (வீரர் கடந்து போக வேண்டிய கம்பங்களை) நட்டு முடித்ததும் வீரர்களை மேலிருந்து மெதுவாக, பக்கவாட்டில் வழுக்கியபடி இறங்கிப் பார்க்க விடுவார்கள். வாயில்களுக்கு நடுவே பந்தயம்போலச் சறுக்கிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தகுதி நீக்கம். அதன்பின் ஒரே ஒரு ஓட்டம், அதுவே பந்தயம்.

அந்த நேரத்தில் ஒரு நல்ல வீரர் செய்வது இதுதான். முதலில், மேட்டுக்கு மறுபுறம் மறைந்திருக்கும் வாயில்களைக் கண்டுபிடிப்பார். மேட்டின் உச்சியை நெருங்கும்போது அடுத்த வாயில் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு திரும்பலாம் என்று இருந்தால் ஏற்கெனவே பத்துப் பதினைந்து மீட்டர் போயிருக்கும். ஆகவே தூரத்தில் ஒரு மரத்தையோ வலைக்கம்பத்தையோ குறித்துக்கொண்டு, அதை நோக்கித் தாவ வேண்டும் என்று முடிவு செய்வார். அடுத்து, ஒவ்வொரு வளைவையும் வாயிலுக்கு எவ்வளவு மேலே தொடங்குவது என்று பார்ப்பார். வாயிலை எட்டும்போது வளைவின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். தாமதமானால் கீழே தள்ளப்பட்டு, ஸ்கீயைக் குறுக்கே போட்டு உரச வேண்டியிருக்கும். அந்த உரசலில் போகிற வேகம் அந்த வளைவோடு போவதில்லை. பின்னால் சமதளமான பகுதி வந்தால் அதன் முழு நீளத்துக்கும் அபராதம் கட்ட வேண்டும். எங்கே நிழல் விழும், எங்கே பனி மென்மையாகி மேலும் உடையும் என்பதையும் அப்போதே கணக்கில் எடுத்துக்கொள்வார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, கையை அசைத்தபடி, மொத்தத் தடத்தையும் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார். தொலைக்காட்சியில் தொடக்கக் கதவருகே கண்மூடி ஆடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

இந்தக் கலையில் நார்வேக்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். ஆண்கள் சூப்பர்-ஜி ஒலிம்பிக் தங்கம் 2002-இல் ஷெட்டில் ஆண்ட்ரே ஆமோட், 2006-இல் மறுபடியும் ஆமோட், 2010-இல் ஸ்விண்டால், 2014-இல் ஷெட்டில் யான்ஸ்ருட். நான்கு ஒலிம்பிக், ஒரே நாடு. 1992-இல் ஆமோட் வாங்கியதையும் சேர்த்தால் ஐந்து. அதே காலத்தில் டவுன்ஹில் தங்கம் மட்டும் கைக்கு எட்டவேயில்லை. 1994-இல் ஆமோட் வெள்ளி, 1998-லும் 2002-லும் லாஸே க்யூஸ் வெள்ளி, 2010-இல் ஸ்விண்டால் 0.07 நொடியில் வெள்ளி. துணிச்சலில் குறைந்த நாடு என்று யாராவது சொல்வார்களா?

இப்போது அரத்துக்கு வருகிறேன். ஸ்கீயின் அடியில் இருபுறமும் ஓடுகிற மெல்லிய எஃகு விளிம்புதான் பனிக்கட்டியைக் கடித்து நிற்கிறது. பந்தயத் தடம் என்பது பஞ்சு போன்ற பனி அல்ல. துளைகள் கொண்ட நீளக் குழாயைப் பனிக்குள் அழுத்தி, உயர் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி, உறைய விட்டு இறுக்குவார்கள். முதலில் இறங்குபவருக்கும் நாற்பதாவதாக இறங்குபவருக்கும் ஏறத்தாழ ஒரே தடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அந்த இறுகிய பரப்பில் மழுங்கிய விளிம்பு நிற்காது. அதனால் விளிம்பின் பக்கவாட்டை 90 டிகிரியிலிருந்து சுமார் 87 டிகிரிக்கு அரத்தால் தேய்த்துக் கூராக்குவார்கள். அடிப்பக்கத்தில் கதை வேறு: மிக நெருக்கமான வளைவுகள் கொண்ட ஸ்லாலம் பந்தயத்தின் ஸ்கீயில் அரை டிகிரி அளவுக்கும், டவுன்ஹில் ஸ்கீயில் ஏறக்குறைய 1 டிகிரிக்கும் விளிம்பைச் சற்று மேலே தூக்கிவிடுவார்கள். ஸ்லாலத்தில் கால் சாய்ந்த கணமே விளிம்பு கடிக்க வேண்டும். 130 கி.மீ. வேகத்தில் தட்டையாக வழுக்கும்போது அப்படிக் கடித்தால் ஸ்கீ தானாக ஒரு பக்கம் இழுத்து ஆளைச் சாய்த்துவிடும்.

வேலை நடக்கும் வரிசையும் முக்கியம். கல்லில் உரசிய இடத்தில் எஃகு இறுகிப்போயிருக்கும். அங்கே அரம் வழுக்கும். அதை முதலில் வைரத்தூள் பதித்த கல்லால் தேய்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் அரத்தைப் பிடிக்க வேண்டும். அரம் போட்டபின் கரடு, நடுத்தரம், நயம் என்று கற்களை மாற்றி மெருகேற்ற வேண்டும். விளிம்பில் தொங்கும் பிசிறை எடுக்காமல் விட்டால் ஒரு ஸ்கீ பிடிக்கும், மற்றது பிடிக்காது. அதன்பின், நன்றாக வழுக்குவதற்காக, இஸ்திரியால் உருக்கிப் போடும் மெழுகு. இஸ்திரி அதிகம் சூடானால் அடிப்பாகமே கருகி, மெழுகை உறிஞ்சாமல் போய்விடும். ஸ்விண்டால் காலத்தில் ஃப்ளூரின் கலந்த மெழுகு சகஜம். 2023-24 பருவத்திலிருந்து அதற்குத் தடை. அந்தப் பருவத்தின் முதல் பந்தயத்திலேயே, ஆஸ்திரியாவின் ஸோல்டனில், இன்னொரு நார்வே வீராங்கனை ராக்ன்ஹில்ட் மோவின்கெல் ஸ்கீயில் ஃப்ளூரின் தென்பட்டது என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மெழுகு போடுவதும் ஓட்டத்தின் ஒரு பகுதிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தக் கூர்மைக்கு ஒரு விலை உண்டு. நீங்கள் சொன்ன 2007 விபத்து அதுதான். நவம்பர் 27, அமெரிக்காவின் கொலராடோவில் பீவர் க்ரீக், 'கோல்டன் ஈகிள்' என்ற தாவல். அங்கே நிலை தடுமாறி விழுந்தார். தாவலில் பொதுவாக நேர்கிற தவறு இது: மேட்டின் உச்சியை எட்டும் முன்பே முழங்காலை மடக்கி மேட்டை உள்வாங்க வேண்டும், கைகள் முன்னால் இருக்க வேண்டும். எடை ஒரு கணம் பின்னால் போனால் ஸ்கீயின் நுனி எழும்பும், அதற்கடியில் காற்று புகுந்து உடலையே பின்பக்கமாகத் திருப்பிவிடும். பந்தய வீரர்களின் காலணியை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங் அதிர்வில் கழன்றுவிடக் கூடாது என்பதால் மிக இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கும். ஆகவே விழும்போதும் ஸ்கீ எளிதில் கழலாது. கழன்றாலும் இல்லாவிட்டாலும் சாணை பிடித்த அரிவாள் போல உடம்பைச் சுற்றிச் சுழலும். அவருடைய முக எலும்புகள் உடைந்ததோடு, கீழுடம்பில் சுமார் 15 செ.மீ. நீளத்துக்கு ஆழமாக வெட்டியது எஃகு விளிம்புதான். இன்று வெட்டுத் தாங்கும் உள்ளாடைகள் வந்துவிட்டன. அன்றே அவை வழக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பருவத்தின் மீதி முழுக்கப் போயிற்று. 2008 டிசம்பரில் அதே சரிவுக்குத் திரும்பி, முதல் நாள் டவுன்ஹில்லையும் மறுநாள் சூப்பர்-ஜியையும் வென்றார். அந்தப் பருவத்தின் ஒட்டுமொத்த உலகக் கோப்பையை ஆஸ்திரியாவின் பெஞ்சமின் ரைஷைவிட 2 புள்ளி கூடுதலாக எடுத்து வாங்கினார். பந்தயத்தை வென்றால் 100 புள்ளி, 29-ஆம் இடத்துக்கு 2 புள்ளி. நான்கைந்து மாதத்துப் பருவம் முழுவதும் அந்த 29-ஆம் இடத்தின் அளவில் முடிந்தது.

அவரைச் சாய்த்த மற்ற இரண்டு காயங்களில் துணிச்சலுக்கு வேலையே இல்லை. 2014 அக்டோபரில் கால்பந்தைத் தட்டி விளையாடும்போது குதிகால் தசைநாண் அறுந்தது. 2016 ஜனவரியில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹெலில் டவுன்ஹில் பந்தயம். அந்தப் பருவத்தில் ஏழு வெற்றிகளோடு உச்சத்தில் இருந்தார். அதற்கு முந்தைய நாள்தான் அங்கேயே சூப்பர்-ஜியை வென்றிருந்தார். மங்கிய வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியவில்லை. இதற்காகத்தான் தடத்தில் நீலச் சாயக் கோடுகள் தெளிப்பார்கள்; அன்று அது போதவில்லை. ஹாவ்ஸ்பெர்க்காண்டெ என்ற இடத்துக்குக் கீழே ஒரு மேட்டில் தூக்கியடிக்கப்பட்டு வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. ஆஸ்திரிய வீரர்கள் கெயோர்க் ஷ்ட்ரைட்பெர்கர், ஹான்னெஸ் ரைஷெல்ட் இருவரும் அதே இடத்தில் விழுந்தார்கள். 30 பேர் இறங்கிய பிறகே பந்தயத்தை நிறுத்தினார்கள். மூன்று பேர் ஒரே மேட்டில் விழுந்தால் கோளாறு மேட்டில்தான். முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைய ஒளிபரப்பிலும் 'வீரர்களின் துணிச்சல்' என்றே பேசித் தீர்த்தால், மேட்டை யார் சீர்படுத்துவார்கள்?

அந்த முழங்கால் பழைய நிலைக்கு வரவேயில்லை. பயிற்சி ஓட்டங்களைக் குறைத்து, காலைக் காப்பாற்றி, 2018 பிப்ரவரி 15 அன்று தென்கொரியாவின் ஜோங்சோனில் டவுன்ஹில் தங்கம் வாங்கினார். நார்வேக்கு அந்தப் பந்தயத்தில் அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். 0.12 நொடி பின்னால் வெள்ளி வாங்கியவர் அதே அணியின் யான்ஸ்ருட். முன்னால் இறங்கியவர் கீழே வந்ததும் ரேடியோவில் 'இந்த வளைவில் சீக்கிரம் திரும்பு, அந்தத் தாவல் நினைத்ததைவிடத் தூரம் போகிறது' என்று மேலே இருப்பவருக்குச் சொல்லி அனுப்புவது இந்த விளையாட்டில் வழக்கம். தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஆளுக்கே அதைச் சொல்ல வேண்டும். நார்வே அணி அதில் ஒளிவுமறைவு வைக்காததற்குப் பேர்போனது. 2019-இல் ஸ்வீடனின் ஓரேயில், உலக சாம்பியன்ஷிப் டவுன்ஹில்தான் ஸ்விண்டாலின் கடைசிப் பந்தயம். கை எலும்பு முறிந்து சில வாரங்களே ஆகியிருந்த யான்ஸ்ருட் 0.02 நொடியில் அவரை முந்தினார். நூறு கி.மீ. வேகத்தில் அது சுமார் 55 செ.மீ.

இவ்வளவு சொல்லிவிட்டு, கம்பைண்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரே வீரர் வேக ஓட்டமும் ஸ்லாலமும் ஓடி, இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்க்கிற பந்தயம். 2009-லும் 2011-லும் ஸ்விண்டால் உலக சாம்பியன் ஆனது இதில்தான். 2002-இல் ஆமோட் ஒலிம்பிக் தங்கம் வாங்கியதும் இதில். 1999-இல் அமெரிக்காவின் வெய்லில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஐந்து போட்டியிலும் பதக்கம் வாங்கிய லாஸே க்யூஸ் இந்த மரபின் சிகரம். நீண்ட ஸ்கீயும் குட்டை ஸ்கீயும், 1 டிகிரியும் அரை டிகிரியும், இரண்டும் ஒரே உடலுக்குப் பழக வேண்டும். இந்தப் பந்தயத்தைத் தேய விட்டார்கள். ஆண்கள் உலகக் கோப்பையில் 2020-க்குப் பிறகு அது நடக்கவில்லை. ஒலிம்பிக்கில் 2022 பெய்ஜிங்கோடு முடிந்தது. இப்போது அதற்குப் பதிலாக ஒருவர் டவுன்ஹில் ஓட, இன்னொருவர் ஸ்லாலம் ஓடும் இரட்டையர் போட்டியை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் பாதி பாதி செய்வதை ஒருவர் முழுதாகச் செய்ததற்கு இணையாக வைப்பதை நான் ஏற்க மாட்டேன். நாட்காட்டியில் இடமில்லை என்கிறார்கள். பருவத்துக்கு இரண்டே இரண்டு கம்பைண்ட் வைத்தால் போதும். ஏற்கெனவே டவுன்ஹில் நடக்கும் மலைகளில், அதே வார இறுதியில், மாலையில் ஒரு ஸ்லாலம் தடம் நட்டால் காரியம் முடிந்தது.